சிஏஓ முதல் கெட்டில் கறை வரை: கால்சியம், ஆக்சிஜன் கணக்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் பத்தாம் வகுப்பும் பி.யு.சி.யும் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள், அவர்களுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்கும் பெற்றோர், போர்வெல் தண்ணீர் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு விழிக்கும் அபார்ட்மெண்ட்காரர்கள் என்று பலரிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்த சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறோம்.

வாய்பாடுகளை வாயால் சொல்கிற மாதிரியே எழுதியிருக்கிறோம். சிஏ என்றால் கால்சியம், ஓ ஆக்சிஜன், ஹெச் ஹைட்ரஜன், தனியாக சி வந்தால் கார்பன். அணு நிறைகள்: கால்சியம் 40, ஆக்சிஜன் 16, கார்பன் 12, ஹைட்ரஜன் 1. கால்சியத்தின் துல்லியமான நிறை 40.08. பள்ளிக் கணக்குக்கு 40 போதும்.

1. கால்சியத்துக்கு இணைதிறன் 2, ஆக்சிஜனுக்கும் 2. குறுக்கே மாத்திப் போட்டா சிஏ₂ஓ₂ தானே வருது? ஏன் சிஏஓன்னு எழுதறோம்?

குறுக்கே மாற்றுவது பாதி வேலைதான். வந்த எண்களைப் பொது எண்ணால் வகுத்துச் சுருக்குவது மீதிப் பாதி. 2:2 என்பது 1:1. கால்சியம் இரண்டு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, ஆக்சிஜன் அதே இரண்டையும் வாங்கிக்கொள்கிறது. ஒன்றுக்கு ஒன்று போதும், கணக்கு நேராகிவிட்டது.

சிஏஓ என்று தனியாக ஒரு மூலக்கூறு திரிவதும் இல்லை. சுட்ட சுண்ணாம்புக் கட்டியில் இரண்டு வகை அயனிகளும் அடுக்கடுக்காக நிற்கின்றன. எந்த விகிதத்தில் நிற்கின்றன என்பதை மட்டுமே வாய்பாடு சொல்கிறது. விகிதத்தைச் சுருக்கித்தான் எழுத வேண்டும்.

2. ஆனா சிஏஓ₂ன்னு ஒரு பாட்டில் மேல பார்த்தேனே. அது அச்சுப்பிழையா சார்?

பிழை இல்லை. அது கால்சியம் பெராக்சைடு, வேறொரு பொருள். அதில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஜோடியாகவே 2 எதிர்மின்சுமையைத் தாங்குகின்றன. அதாவது ஓர் ஆக்சிஜனுக்கு −1. சாதாரண ஆக்சைடில் −2. நிறை 40 + 32 = 72.

முதல் கேள்வியில் சொன்ன சுருக்கும் வேலை இந்த ஜோடியிடம் செல்லாது. ஹைட்ரஜன் பெராக்சைடை ஹெச்₂ஓ₂ என்று எழுதுகிறோமே தவிர ஹெச்ஓ என்று எழுதுவதில்லை. காரணம் அதேதான்.

3. ஆக்சிஜனுக்கு 16 போடணுமா 32 போடணுமா? ஒவ்வொரு தடவையும் குழம்புது.

சேர்மத்துக்குள் இருக்கும் ஆக்சிஜன் என்றால் அணுக்களை எண்ணி ஒவ்வொன்றுக்கும் 16. சிலிண்டரிலும் காற்றிலும் வாயுவாக இருப்பது ஓ₂, அதன் ஒரு மோல் 32 கிராம் (மோல் என்றால் என்ன என்பது அடுத்த கேள்வியில்). கேள்வியில் ‘ஆக்சிஜன் வாயு’ என்று இருந்தால் 32, ‘சேர்மத்தில் உள்ள ஆக்சிஜன்’ என்றால் 16-இன் மடங்கு.

4. சிஏஓ-வோட நிறை 56ன்னு வருது. 56 என்னது? கிராமா?

ஒரு கால்சியம் அயனியும் ஒரு ஆக்சைடு அயனியும் சேர்ந்த அந்தக் குட்டி அலகு 56 அணு நிறை அலகு. அதுவே ஒரு மோல் என்றால் 56 கிராம். ஒரு மோல் என்பது 6.022 × 10²³ அலகுகள். எண் ஒன்றுதான், அளவுதான் மாறுகிறது. மூலக்கூறு இல்லை என்று முதல் கேள்வியிலேயே பார்த்தோம். அதனால் இதை ‘மூலக்கூறு நிறை’ என்பதைவிட ‘வாய்பாட்டு நிறை’ என்று எழுதுவதே சரி. சில ஆசிரியர்கள் இதற்கு அரை மதிப்பெண் குறைப்பார்கள்.

5. சிஏ(ஓஹெச்)₂-க்கு எனக்கு 58 வருது, பக்கத்துல இருக்கிற பொண்ணுக்கு 74. யாரு சரி?

74. அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் 2, உள்ளே இருக்கிற இரண்டுக்கும் பொருந்தும். 40 + 2 × (16 + 1) = 74. உங்களுக்கு 58 வந்ததென்றால் 2-ஐ ஹைட்ரஜனுக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். 57 வந்தால் அடைப்புக்குறியையே பார்க்கவில்லை. 73 வந்தால் ஆக்சிஜனுக்கு மட்டும் போட்டிருக்கிறீர்கள். விடைத்தாளில் இந்த மூன்றுமே வரும். தவறான எண்ணைப் பார்த்தே எங்கே சறுக்கினோம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

6. 10 கிராம் கால்சியத்தையும் 10 கிராம் ஆக்சிஜனையும் சேர்த்து எரிச்சா 20 கிராம் சிஏஓ வரணும்தானே? நிறை அழியாதுன்னு சொல்லிக்கொடுத்தாங்களே?

நிறை அழியவில்லை. ஆனால் எல்லாமே சிஏஓ ஆகவும் இல்லை. 2சிஏ + ஓ₂ → 2சிஏஓ. கிராமில் 80 + 32 → 112. அதாவது 10 கிராம் கால்சியத்துக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் 4 கிராம்தான். கால்சியம் முழுவதும் தீர்ந்து 14 கிராம் சிஏஓ வரும், 6 கிராம் ஆக்சிஜன் அப்படியே மிஞ்சும். 14 + 6 = 20. விதி பொய்க்கவில்லை. முதலில் தீர்ந்துபோகும் கால்சியம்தான் இங்கே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. எது குறைவாக இருக்கிறது என்பதைக் கிராமில் பார்க்கக் கூடாது, மோலில் பாருங்கள். கால்சியம் 0.25 மோல், ஆக்சிஜன் வாயு 0.31 மோல். சமன்பாட்டில் கால்சியம் இரண்டு மடங்கு வேண்டும், ஆனால் இருப்பதோ ஆக்சிஜனைவிடக் குறைவு.

ஆய்வகத்தில் திறந்த காற்றில் எரித்தால் 14 கிராம் வராது, கொஞ்சம் குறையும். காற்றில் இருக்கும் நைட்ரஜனோடும் கால்சியம் சேர்ந்து கால்சியம் நைட்ரைடு உண்டாகும். 10 கிராம் கால்சியம் முழுக்க நைட்ரைடானால் எடை 12.3 கிராம்தான். எரிந்த சாம்பலில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டு அம்மோனியா நெடி வருகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

7. சதவீதம் கொடுத்து வாய்பாடு கேக்கறாங்க. கால்சியம் 54.05, ஆக்சிஜன் 43.24. நான் போட்டா சிஏஓ₂ வருது. விடையில வேற இருக்கு.

முதலில் இரண்டையும் கூட்டுங்கள். 97.29. நூறு ஆகவில்லை. மிச்சம் 2.71-ஐ யாரோ சொல்லாமல் விட்டிருக்கிறார்கள், அதுதான் ஹைட்ரஜன். இப்போது ஒவ்வொன்றையும் அணு நிறையால் வகுக்கலாம். கால்சியம் 54.05 ÷ 40 = 1.35. ஆக்சிஜன் 43.24 ÷ 16 = 2.70. ஹைட்ரஜன் 2.71 ÷ 1 = 2.71. சிறிய எண்ணான 1.35-ஆல் வகுத்தால் 1 : 2 : 2. அது சிஏ(ஓஹெச்)₂.

உண்மையான சிஏஓ₂ என்றால் கால்சியம் 55.56, ஆக்சிஜன் 44.44, கூட்டினால் சரியாக 100. இரண்டு பொருளிலும் கால்சியமும் ஆக்சிஜனும் 1:2 தான், சதவீதமும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். அதனால்தான் கேள்வி எடுப்பவர்களுக்கு இது ரொம்பப் பிடித்த பொறி. எந்தச் சதவீதக் கணக்கானாலும் பேனாவை எடுத்தவுடன் கூட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, 1.35-ஐ 1 என்றும் 2.70-ஐ 3 என்றும் பாதி வழியிலேயே முழு எண்ணாக்கினால் எல்லாம் பாழ். கடைசி விகிதம் வந்த பிறகுதான் முழு எண்ணாக்க வேண்டும்.

8. ஒரு டன் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டா 560 கிலோ சுண்ணாம்பு வரும்னு புத்தகம் சொல்லுது. 90 சதவீதம் தூய்மைன்னா 504 கிலோதானே?

504 கிலோ சிஏஓ வரும், அதுவரை சரி. சிஏசிஓ₃ → சிஏஓ + சிஓ₂ என்பது 100 → 56 + 44. கல்லில் 900 கிலோதான் சிஏசிஓ₃, அதில் 56 சதவீதம் 504. வாயுவாகப் போனது 396 கிலோ.

ஆனால் சூளையிலிருந்து வெளியே வரும் சரக்கின் எடையைக் கேட்டால் விடை 504 இல்லை. மண்ணும் மணலுமாக இருந்த 100 கிலோ எங்கேயும் போகவில்லை. மொத்தம் 604 கிலோ, அதில் சிஏஓ 83.4 சதவீதம். 90 சதவீதக் கல்லைச் சுட்டு 83 சதவீதச் சுண்ணாம்பு எடுக்கிறோம். சுடச் சுடத் தூய்மை குறைந்துவிட்டதா என்று பலர் திகைப்பார்கள். நல்ல சரக்கில் பாதிக்குக் கொஞ்சம் கீழே வாயுவாகப் போய்விட்டது, அழுக்கு அப்படியே தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

இதில் அழுக்கு எடை இழக்காது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். கல்லில் மக்னீசியம் கார்பனேட் கலந்திருந்தால் அதுவும் வாயு விடும், 84-க்கு 44 என்று இன்னும் அதிகமாகவே.

9. 20 கிராம் சிஏசிஓ₃ சூடாக்கினப்ப 13.4 கிராம் மிச்சம். எத்தனை சதவீதம் சிதைஞ்சதுன்னு கேக்கறாங்க. 13.4-ஐ வச்சு எதை ஆரம்பிக்கிறது?

13.4-ஐத் தொடாதீர்கள். அது சிஏஓ-வும் சிதையாத சிஏசிஓ₃-உம் கலந்த கலவை. கலவையின் எடையை 56-ஆல் வகுப்பதுதான் இங்கே எல்லாரும் செய்யும் தப்பு. காணாமல் போன 6.6 கிராம் கலப்படம் இல்லாத சிஓ₂, அதிலிருந்து தொடங்குங்கள்.

6.6 ÷ 44 = 0.15 மோல். ஒரு மோல் சிஓ₂-க்கு ஒரு மோல் சிஏசிஓ₃, ஆகவே சிதைந்தது 15 கிராம், 75 சதவீதம். சரிபார்ப்பு: 0.15 × 56 = 8.4 கிராம் சிஏஓ, சிதையாத 5 கிராம், மொத்தம் 13.4.

10. வெளிய வர்ற சிஓ₂-க்கு 22.4 லிட்டர்னு போட்டா சில பேர் 22.7ங்கறாங்க. எது?

இரண்டும் 0 டிகிரி செல்சியஸில். அழுத்தம் 1 அட்மாஸ்பியர் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. 1982-இல் சர்வதேச வேதியியல் ஒன்றியம் திட்ட அழுத்தத்தை 1 பார் என்று மாற்றியது. பழைய கைடுகளில் 22.4 நிற்கும். கேள்வியில் எந்த அழுத்தம் என்று கொடுத்திருக்கிறார்களோ அதையே பின்பற்றுங்கள்.

பெங்களூரில் ஆய்வக மேஜை மேல் அளந்தால் இரண்டுமே வராது. நகரம் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் சுமார் 91 கிலோபாஸ்கல். 25 டிகிரியில் ஒரு மோல் வாயு 27 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே இடம் எடுக்கும். அதே சோதனையைச் சென்னையில் செய்தால் சுமார் 24.5. வாயுவை அளந்து கணக்குப் போடும் செய்முறையில் விடை பத்து சதவீதம் தள்ளி வந்தால், பிப்பெட்டைத் திட்டுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

11. சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா கொதிக்குதே, எவ்வளவு தண்ணி கணக்கு?

சிஏஓ + ஹெச்₂ஓ → சிஏ(ஓஹெச்)₂, 56 + 18 → 74. ஒரு கிலோவுக்கு 321 கிராம் தண்ணீர், கிடைப்பது 1.32 கிலோ நீற்றிய சுண்ணாம்பு. நிஜத்தில் இது போதாது. ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிலோ ஜூலுக்கு மேல் வெப்பம் வருவதால் பாதித் தண்ணீர் ஆவியாகிப் போகும். பசையாக வேண்டும் என்றால் பல மடங்கு ஊற்றுவார்கள்.

தண்ணீரை முதலில் வைத்து, அதில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், தலைகீழாகச் செய்தால் தெறிக்கும். பிளாஸ்டிக் வாளி வேண்டாம். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம், கண்ணாடி போடாமல் கிட்டே போகாதீர்கள்.

12. போன வருஷம் வாங்கின சுட்ட சுண்ணாம்பு தண்ணி ஊத்தினாலும் சூடாகல. எடையும் கூடியிருக்கு. ஏன்?

காற்றின் ஈரத்தில் தானாகவே நீறிவிட்டது. பிறகு சிஓ₂-வையும் இழுத்து மறுபடி கல்லாகத் திரும்புகிறது. 56 கிராம் முதலில் 74 ஆகும், முழுக்கக் கார்பனேட்டானால் 100. எட்டாம் கேள்வியில் சூளை செய்த வேலையைக் காற்று திருப்பிச் செய்கிறது. வெற்றிலைக் கடைக்காரர் சுண்ணாம்புக் கிண்ணத்தில் தண்ணீர் நிற்கும்படி பார்த்துக்கொள்வதும் இதற்குத்தான்.

13. எங்க அபார்ட்மெண்ட் போர்வெல் ரிப்போர்ட்ல ஹார்ட்னெஸ் 480, கால்சியம் 112ன்னு இருக்கு. அப்போ லிட்டருக்கு 480 மில்லிகிராம் சுண்ணாம்புக்கல் கரைஞ்சிருக்கா?

இல்லை. சுண்ணாம்புக்கல் சுத்தத் தண்ணீரில் அவ்வளவு கரையவே கரையாது. ரிப்போர்ட்டில் அந்த வரியின் ஓரத்தில் ‘கால்சியம் கார்பனேட்டாக’ என்று சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் படிக்காமல் எண்ணை மட்டும் படிப்பதுதான் பிரச்சினை. வீட்டில் நகை, நிலம், ரொக்கம் எல்லாம் இருந்தாலும் மொத்தச் சொத்தை ரூபாயில் சொல்வது போல, தண்ணீரில் இருக்கும் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் சிஏசிஓ₃-ஆக மாற்றிக் கூட்டிச் சொல்கிறார்கள். அதன் நிறை 100 என்பது வசதி.

பக்கத்து வரியில் கால்சியம் 112 என்பது ‘கால்சியமாகவே’. அதை 2.5-ஆல் (100 ÷ 40) பெருக்கினால் 280. மீதி 200 மக்னீசியத்தின் பங்கு. அதை 4.12-ஆல் (100 ÷ 24.3) வகுத்தால் மக்னீசியம் லிட்டருக்கு 48.5 மில்லிகிராம். இரண்டு வரிகளையும் இப்படி ஒட்டிப் பார்த்தால் ஆய்வகம் தப்பு செய்திருந்தாலும் தெரியும். கால்சியத்தின் 2.5 மடங்கு மொத்தக் கடினத்தன்மையை, அதாவது அந்த ஹார்ட்னெஸ் எண்ணை, தாண்டவே கூடாது.

குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-இல் (2012) ஏற்கத்தக்க அளவு 200, வேறு நீராதாரமே இல்லாவிட்டால் 600 வரை. உங்கள் 480 நடுவில் நிற்கிறது. குடிக்க முடியாத தண்ணீர் இல்லை, ஆனால் கீசரும் வாஷிங் மெஷினும் அழும்.

14. அந்தத் தண்ணிதான் கெட்டில்ல வெள்ளையா படியுது. எவ்வளவு வினிகர் ஊத்தணும்?

படிவது கரைந்திருந்த பைகார்பனேட் உடைந்து வரும் சிஏசிஓ₃. சிஏ(ஹெச்சிஓ₃)₂ → சிஏசிஓ₃ + ஹெச்₂ஓ + சிஓ₂, 162 → 100 + 18 + 44. கொதிக்க வைத்தால் போகிற கடினத்தன்மை 250 என்று ரிப்போர்ட்டில் இருந்தால், லிட்டருக்கு அதிகபட்சம் 250 மில்லிகிராம் படியும். இதை மறுபடி 100/162-ஆல் பெருக்காதீர்கள். ஏற்கெனவே சிஏசிஓ₃-ஆகச் சொன்ன எண் அது (கேள்வி 13). தினம் 2 லிட்டர் என்றால் மாதத்துக்கு 15 கிராம் வரை. கெட்டில் கொதித்தவுடன் அணைந்துவிடுவதால் நிஜத்தில் குறைவாகத்தான் சேரும்.

100 கிராம் சிஏசிஓ₃-க்கு 120 கிராம் அசிட்டிக் அமிலம். 15 கிராமுக்கு 18 கிராம். 5 சதவீத வினிகர் என்றால் 360 மில்லி. ஒரு கப் ஊற்றிவிட்டு ‘போகலையே’ என்பவர்களுக்கு விடை இதுதான், அமிலம் தீர்ந்துவிட்டது. நுரை நின்ற பிறகும் கறை இருந்தால் பழையதைக் கொட்டிப் புதிதாக ஊற்றுங்கள். எலுமிச்சை உப்பும் வேலை செய்யும், ஆனால் கெட்டியாகக் கலந்து கொதிக்க வைத்தால் கால்சியம் சிட்ரேட் என்று வேறொரு வெள்ளை படியும். வெதுவெதுப்பே போதும்.

15. அம்மாவோட மாத்திரையில 1250 மில்லிகிராம்னும் 500ன்னும் ரெண்டு எண் போட்டிருக்கு. எது டோஸ்?

1250 என்பது கால்சியம் கார்பனேட், 500 என்பது அதிலுள்ள கால்சியம். 1250 × 40/100 = 500. இரண்டும் ஒரே மாத்திரைதான். சீட்டில் டாக்டர் எழுதியிருக்கும் 500 பெரும்பாலும் கால்சியத்தைத்தான் குறிக்கும். கடையில் கொடுத்த பட்டையின் பின்பக்கத்தை அதோடு ஒப்பிட்டு, சந்தேகம் இருந்தால் மருந்துக்கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள். சிட்ரேட் மாத்திரையில் கால்சியம் 21 சதவீதம்தான், அதனால் எண்கள் இதோடு ஒத்துப்போகாது.

16. ஜிப்சம் வாய்பாட்டுல நடுவுல புள்ளி வருதே, பெருக்கணுமா?

கூட்டணும். சிஏஎஸ்ஓ₄·2ஹெச்₂ஓ என்றால் 136 + 36 = 172 (இங்கே எஸ் என்பது கந்தகம், நிறை 32). சூடாக்கி ஒன்றரைத் தண்ணீரை விரட்டினால் பாரிஸ் சாந்து (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), 145. ஒரு கிலோ சாந்து இறுக 186 கிராம் தண்ணீரே கணக்கு, ஊற்றிப் பூச வசதியாக அதைவிட நிறைய சேர்ப்பார்கள். மிச்சத் தண்ணீர் காய்ந்துபோக நாளாகும், அதனால்தான் அவசரப்பட்டு பெயிண்ட் அடித்த சீலிங் உரிகிறது. கரும்பலகையில் எழுதும் சாக்பீஸும் இப்போது பெரும்பாலும் ஜிப்சம்தான். வினிகரில் போட்டு நுரைக்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள்.

17. சைட்ல வேலை பார்க்கிற அண்ணன் சிமெண்ட்ல சி₃எஸ் இருக்குங்கறார். கார்பனும் கந்தகமுமா? அதோட சர்டிஃபிகேட்ல சிஏஓ 63 சதவீதம்னு வேற இருக்கு, அப்போ சிமெண்ட் கை சுட்டுடுமே?

சிமெண்ட்காரர்களின் சுருக்கெழுத்து தனி. அங்கே சி என்றால் முழு சிஏஓ, எஸ் என்றால் சிலிக்கான் டை ஆக்சைடு. சி₃எஸ் என்பது மூன்று சிஏஓ-வும் ஒரு சிலிக்காவும் சேர்ந்தது. 3 × 56 + 60 = 228. பிள்ளைகள் இதைக் கார்பன் 36, கந்தகம் 32 என்று கூட்டி 68 கொண்டுவருவார்கள்.

63 சதவீதம் என்பதும் பதின்மூன்றாம் கேள்வியின் ரூபாய்க் கணக்குதான். மூட்டைக்குள் சுட்ட சுண்ணாம்பு 63 சதவீதம் இல்லை. உள்ளே இருக்கும் கால்சியத்தை எல்லாம் சிஏஓ-ஆக மாற்றிச் சொன்னால் அவ்வளவு. கிட்டத்தட்ட முழுவதும் சிலிக்காவோடும் அலுமினாவோடும் கட்டுண்டு கிடக்கிறது. கட்டுப்படாமல் தனியாக இருப்பதை ‘ஃப்ரீ லைம்’ என்று தனி வரியில் போடுவார்கள், அது சிறிய எண்ணாக இருக்க வேண்டும். அது கூடினால் சிமெண்ட் இறுகிய பிறகு உள்ளே மெதுவாக நீறும், பருமன் கூடி வெடிப்பு விடும். கை விஷயத்தில் அண்ணனிடம் கையுறை போடச் சொல்லுங்கள். ஈர சிமெண்டில் உண்டாகும் சிஏ(ஓஹெச்)₂ தோலை அரிக்கும், வலி தெரிய மணிக்கணக்கானாலும் ஆகும்.